வெராகிரிப்ட் கன்டெய்னர் பேக்கப் ஆன மாதிரி காட்டுது, ஆனா உள்ள பழைய ஃபைல்தான் இருக்கு

நிலா_பைட்:
வணக்கம். லேப்டாப்ல வெராகிரிப்ட்ல (ஃபைலை என்கிரிப்ட் பண்ணிப் பூட்டற சாஃப்ட்வேர்) 60 ஜிபிக்கு ஒரு கன்டெய்னர், அதாவது பாஸ்வேர்ட் போட்ட பெட்டி மாதிரி ஒரே ஒரு பெரிய ஃபைல் வச்சிருக்கேன், வீட்டுப் பத்திரம் ஸ்கேன், அப்பாவோட மெடிக்கல் ரிப்போர்ட், பேங்க் பேப்பர் எல்லாம் அதுக்குள்ளதான். தினமும் ராத்திரி ஒரு சிங்க் சாஃப்ட்வேர் அதை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி பண்ணுது, எரர் எதுவும் வரல. நேத்து அந்த காப்பியைத் திறந்து பார்த்தா போன மாசம் வரைக்கும் இருந்ததுதான் இருக்கு, புதுசா போட்டது ஒண்ணுமே இல்ல. டிஸ்க் போச்சா? விண்டோஸ் 11, அதுலயே வர்ற டிரைவ் பூட்டு பிட்லாக்கரும் ஆன்ல இருக்கு.

பழைய_ஹார்ட்டிஸ்க்:
டிஸ்க் மேல தப்பு இருக்காதுங்க. கன்டெய்னர் உள்ள நீங்க என்ன மாத்தினாலும் வெளிய அந்த ஃபைலோட தேதியை வெராகிரிப்ட் பழையபடியே வச்சிரும், டீஃபால்ட்டே அப்படித்தான், சைஸும் எப்பவும் அதே 60 ஜிபி. நிறைய சிங்க் சாஃப்ட்வேர் தேதியும் சைஸும்தான் பாக்கும், ரெண்டும் மாறலன்னா தொடாம போயிடும், எரர் வராததுக்கும் அதான் காரணம். செட்டிங்ஸ்ல பிரிஃபரன்ஸஸ் போய் டைம்ஸ்டாம்ப் பிரிசர்வ் பண்ற டிக்கை எடுத்துருங்க. அப்புறம் முக்கியமா, காப்பி ஓடும்போது கன்டெய்னர் மவுண்ட் ஆகி (பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து) இருக்கவே கூடாது, பாதி பழசு பாதி புதுசா காப்பி ஆகி உள்ள ஃபைல்சிஸ்டமே கெட்டுப்போகலாம்.

லினக்ஸ்_தம்பி:
அண்ணன் சொன்னது சரி, லினக்ஸ்ல காப்பி பண்ற ஆர்சிங்க்லயும் இதே கதைதான், செக்சம் ஆப்ஷன் போட்டாதான் உள்ளடக்கத்தைப் பாக்கும். கூடவே ஹெடரையும் (கன்டெய்னரைத் திறக்கத் தேவையான தகவல் இருக்கற ஆரம்பப் பகுதி) தனியா எடுத்து வைங்க, டூல்ஸ் மெனுவுல பேக்கப் வால்யூம் ஹெடர்னு இருக்கும், சைஸ் வெறும் 128 கேபிதான், ஆனா உள்ள இருக்கறதைத் திறக்கற அசல் சாவி, மாஸ்டர் கீ, அதுக்குள்ளதான் இருக்கு. ஃபைலோட கடைசியிலயும் ஒரு ஹெடர் காப்பி இருக்கும்தான், ரெண்டும் கெட்டுப்போச்சுன்னா பாஸ்வேர்ட் சரியா தெரிஞ்சாலும் திறக்காது. பாஸ்வேர்ட் மாத்தினா மாஸ்டர் கீ மாறாது, அதனால பழைய ஹெடர் காப்பி யார் கையிலயாவது இருந்தா பழைய பாஸ்வேர்டுலயே திறந்துருவாங்க. பாஸ்வேர்ட் லீக் ஆயிருச்சுன்னு சந்தேகம் வந்தா புது கன்டெய்னர் போட்டு ஃபைலை அதுக்கு மாத்துறதுதான் ஒரே வழி.

மழைச்சாரல்:
பிட்லாக்கர் பத்தியும் சொல்லிடறேன், நிறைய பேர் இதைத் தப்பா நினைக்கறாங்க. அது எந்த டிரைவுக்கு ஆன் பண்ணியிருக்கோ அதை மட்டும்தான் பூட்டும். நீங்க லாகின் பண்ணி ஒரு ஃபைலை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல போட்டா அங்க அது வெறும் ஃபைல், டிஸ்க்கை எடுத்தவங்க யாரும் படிக்கலாம். கன்டெய்னர் பரவாயில்ல, டெஸ்க்டாப்ல சும்மா கிடக்கற பிடிஎஃப்பை அங்க காப்பி பண்ணா அதுதான் மாட்டும். அந்த டிஸ்க்கையும் என்கிரிப்ட் பண்ணிடுங்க. பிட்லாக்கரோட 48 இலக்க ரிகவரி கீயை பேப்பர்ல எழுதி லேப்டாப்போட சேராம வேற இடத்துல வைங்க, மதர்போர்டு மாத்தினா கண்டிப்பா கேக்கும்.

நிலா_பைட்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டிக் எடுத்தேன், ஒரு ஃபைல் போட்டு அன்மவுண்ட் பண்ணதும் தேதி மாறிருச்சு. பழைய காப்பி மேலயே எழுதட்டுமா, நடுவுல கரண்ட் போனா என்னாகும்?

பழைய_ஹார்ட்டிஸ்க்:
மேல எழுதாதீங்க. பழசுக்குப் பேர் மாத்தி அப்படியே விடுங்க, புது காப்பியை டிஸ்க்லேர்ந்தே மவுண்ட் பண்ணி நாலஞ்சு பெரிய ஃபைலைத் திறந்து பாருங்க, எல்லாம் திறந்தா அப்புறம் பழசை அழிக்கலாம்.