யூரோஃப்ளோ பரிசோதனை: சிறுநீர் முட்டும் அளவுக்கு ஏற்ப மாறிய முடிவுகள்

புராஸ்டேட் வீக்கத்துக்காக மாத்திரை சாப்பிட்டு வரும் எனக்கு, சிறுநீர் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை அறிய யூரோஃப்ளோ பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு புனல், அதன் கீழே எடையை உணரும் கருவியின் மேல் ஒரு குவளை, பக்கத்தில் வரைபடம் அச்சிடும் இயந்திரம். இவ்வளவுதான் அந்த அறையில் இருந்தன.

முதல் முறை கூட்டம் அதிகமாக இருந்ததால், சிறுநீர் வருவதுபோல் லேசாகத் தோன்றியபோதே என்னை உள்ளே அனுப்பிவிட்டார்கள். முக்கி முக்கிக் கழித்தும் வந்தது 90 மில்லிதான். உச்ச வேகம் வினாடிக்கு 7 மில்லி. 10-க்குக் கீழே இருப்பதால் அடைப்பாகத்தான் இருக்கும் என்று அங்கேயே ஒருவர் சொல்ல, அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும் என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. சிறுநீரியல் மருத்துவரோ வேகத்தைப் பார்க்கும் முன் கழித்த அளவைப் பார்த்தார். 150 மில்லியாவது இல்லாவிட்டால் இந்த வரைபடத்தை நம்பி எதுவும் சொல்ல இயலாது என்று கூறி, மறுபடியும் செய்து வரச் சொன்னார்.

மறுமுறை நிலைமை நேர்மாறாக இருந்தது. ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்துவிட்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவ்வளவு முட்டிய சிறுநீர் பீறிட்டு வரும் என்று நினைத்தால், உள்ளே போய் நின்றதும் சற்று நேரம் சொட்டுகூட வரவில்லை. பிறகு வந்ததும் மெலிந்த தாரைதான். 600 மில்லிக்கு 9 மில்லி வேகம். சிறுநீர்ப்பையின் தசை ஓரளவு விரியும்போது நன்றாகச் சுருங்கும் என்றும், அளவுக்கு மீறி விரிந்துவிட்டால் அதன் சுருங்கும் வலு குறையும் என்றும் மருத்துவர் விளக்கினார். பின்னர், வீட்டில் எந்த நிலையில் எழுந்து கழிப்பறைக்குப் போவேனோ அந்த நிலையில் செய்தபோது 310 மில்லிக்கு வேகம் 14 மில்லியாக வந்தது. ஸ்கேனில், கழித்த பின் பையில் தங்கிய சிறுநீரும் குறைவாகவே இருந்ததால், இப்போதைக்கு மாத்திரையே போதும் என்று முடிவாயிற்று.

*

ஐயா, இந்தப் பரிசோதனையைச் செய்யும் பணியில் இருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். முக்கினால் வயிற்றின் அழுத்தமும் சேர்ந்து, வளைகோடு மணி வடிவில் அமையாமல் மேடும் பள்ளமுமாக வரும். தாரை புனலில் இங்குமங்கும் அலைந்தாலும் பொய்யான உச்சங்கள் பதிவாகும். கதவுக்கு வெளியே ஆள் நிற்கிறார் என்ற கூச்சத்தாலேயே கழிக்க முடியாமல் போகிறவர்களும் உண்டு. அவர்களை நாங்கள் அவசரப்படுத்துவதில்லை. சிறுநீர் முட்டும் உணர்வு எந்த அளவில் இருந்தது, வழக்கம்போல் போயிற்றா என்று கேட்டு அறிக்கையின் ஓரத்தில் எழுதிவிடுவோம். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் எண்களை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு, 9 என்பது அடைப்பினால் வந்ததா, அடக்கி வைத்ததால் வந்ததா என்று தெரிய வழியில்லை.