ஹிமேரா தனி இனமா, எராட்டோவின் துணையினமா?

கரிச்சான்:
ஹெலிகோனியஸ் எராட்டோ என்ற வண்ணத்துப்பூச்சிக்கு இருபதுக்கும் மேற்பட்ட துணையினங்கள் உண்டு. மத்திய அமெரிக்காவில் தொடங்கி பிரேசில் வரை வட்டாரத்துக்கு ஒரு சிறகுக் கோலம். அத்தனையையும் ஒரே இனமாக ஏற்கிறோம். ஆனால் தெற்கு ஈக்வடார், வடக்குப் பெருவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் பறக்கும் ஹிமேரா மட்டும் தனி இனமாம். இரண்டையும் கூண்டில் விட்டால் கலக்கின்றன. பிறக்கும் கலப்புகளில் ஆண், பெண் இரண்டுமே மலடில்லை. 1867இல் பூச்சியியலாளர் ஹூவிட்சன் சிறகைப் பார்த்து வைத்த பெயரை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

செங்காந்தள்:
கூண்டை விடுங்கள், காட்டுக்கு வாருங்கள். ஈக்வடாரில் ஹிமேராவும் எராட்டோவின் துணையினமான சிர்பியாவும் சந்திக்கும் இடம் சில கிலோமீட்டர் அகலம்தான். சிர்பியாவுக்கு நீலம் மின்னும் சிறகு, முன்சிறகில் சிவப்புப் பட்டை, பின்சிறகு ஓரத்தில் வெள்ளை. ஹிமேராவுக்கு முன்சிறகில் அகன்ற மஞ்சள் பட்டை, பின்சிறகில் சிவப்பு. குழப்பிக்கொள்ள வழியே இல்லை. தங்குதடையின்றி இணைந்தால் அந்த இடத்தில் பெரும்பாலானவை கலப்புகளாக இருக்க வேண்டுமே? ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் கலப்பு.

இதோடு பெருவின் தாராபோத்தோவை ஒப்பிடுங்கள். அங்கே தாழ்நிலத்து எராட்டோ எம்மாவும் மலைப்பக்கத்து எராட்டோ ஃபேவரினஸும் சந்திக்கின்றன. ஒன்றுக்குப் பின்சிறகில் சிவப்புக் கதிர்கள், மற்றதற்கு மஞ்சள் பட்டை. நடுவில் எல்லா விதக் கலவைகளும் பறக்கின்றன. இந்தப் பூச்சிகள் நச்சுள்ளவை, பழகிய கோலத்தைப் பறவைகள் தொடாது; உள்ளூர்ப் பறவைகளுக்குப் பழகாத கோலத்தோடு பறப்பது அதிகம் வேட்டையாடப்படுவதால்தான் எல்லை கலையாமல் நிற்கிறது. அவை துணையினங்கள், எனக்குச் சம்மதமே. ஹிமேராவின் கதை வேறு.

கரிச்சான்:
வேறு என்றால் வாழிடம்தான் வேறு. ஹிமேரா வறண்ட காட்டில், எராட்டோ ஈரக்காட்டில். எதிர்ப்படுவதே குறைவு என்பதால் கலப்பும் குறைவு. மழையளவு மாறினால் இரண்டும் ஒன்றாகிவிடாதா? மழையை நம்பி ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க முடியாது.

செங்காந்தள்:
வாழிடம் ஒரு பங்குதான், நண்பரே. மழை வித்தியாசமே இல்லாத கூண்டுச் சோதனைகளில்கூட இரண்டும் பெரும்பாலும் தன் வகையோடுதான் சேர்ந்தன. நீங்கள் சொல்லும் கூண்டுக் கலப்பு நடப்பது உண்மை, ஆனால் மிகக் குறைவாக.

மலட்டுத்தன்மையை உரைகல்லாக வைத்தாலும் சிக்கல்தான். இதே ஹெலிகோனியஸ் பேரினத்தின் வேறு இரு இனங்களான மெல்போமினியும் சிட்னோவும் சேர்ந்தால் முதல் தலைமுறைப் பெண் மலடு, ஆண் மலடில்லை. அந்த ஆண்கள் வழியே மரபணுக்கள் இன்றும் இரு பக்கமும் போய்வருகின்றன. அதற்காக யாராவது அவற்றை ஒரே இனம் என்கிறார்களா?

வலைவீசி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கோலத்தை வைத்து வகைப்படுத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சொல்ல வேண்டும். எராட்டோவும் மெல்போமினியும் பல இடங்களில் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அவற்றின் வம்சங்கள் பிரிந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் ஆகின்றன. இதே பேரினத்தின் எலிவேட்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் வந்த ஆய்வின்படி அதன் மரபணுத் தொகுதி கிட்டத்தட்ட முழுவதும் பார்டலினஸ் என்ற இன்னொரு இனத்துடையது. ஒரு சதவீதம் அளவே மெல்போமினியிடமிருந்து வந்தது, சிறகுக் கோலத்துக்கான பகுதிகள் அதில்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் அமேசான் காட்டில் பார்டலினஸோடு சேர்ந்தே பறந்துகொண்டு தனி இனமாக நிற்கிறது.

இன்னொன்று. ஹிமேரா இருப்பது சிறு பரப்பில். வறண்ட காடுகள் விவசாயத்துக்கும் மேய்ச்சலுக்கும் அழிகின்றன. அதை எராட்டோவுக்குள் கரைத்துவிட்டால், எங்கும் பரவலாக இருக்கும் பூச்சிதானே என்று விட்டுவிடுவார்கள்.

கரிச்சான்:
அழிவதைக் காப்பது வேறு, வகைப்பாடு வேறு. துணையினத்தையும் காக்கலாமே. பாதுகாப்புக்காக இனங்களை உருவாக்க ஆரம்பித்தால் பெயர்ப் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம், உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். கொலம்பியாவின் கௌக்கா பள்ளத்தாக்கில் செஸ்டர்டோனி இருக்கிறது. சிவப்பே கிடையாது, நீலக்கறுப்பு, பின்சிறகில் மஞ்சள் பட்டை. அதுவும் தன் வகையையே தேர்ந்தெடுக்கிறது. போதாததற்கு பக்கத்து எராட்டோ வீனஸோடு கலந்தால் ஓரளவு மலட்டுத்தன்மையும் வருகிறது. ஹிமேராவை விட ஒரு படி மேலேயே பிரிந்திருக்கிறது. ஆனாலும் பலர் அதை எராட்டோ செஸ்டர்டோனி என்றே எழுதுகிறார்கள். இது என்ன நியாயம்?

செங்காந்தள்:
நியாயமில்லைதான். ஆனால் அதைச் சரிசெய்ய ஹிமேராவைக் கீழே இறக்க வேண்டாம், செஸ்டர்டோனியை மேலே ஏற்றலாம். சந்திக்கும் இடத்தில் கலப்பு அரிதா, தன் வகையைத் தேர்ந்து இணைகின்றனவா என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்றால் தனி இனம். எம்மாவும் ஃபேவரினஸும் அதில் தேறாது, அவற்றுக்குத் துணையினத்துக்குரிய மூன்று சொல் பெயர் தொடரட்டும்.

கரிச்சான்:
அந்த இரண்டு கேள்வியையும் எராட்டோவின் எல்லா எல்லைகளிலும் கேட்டுவிட்டு வந்தால் ஏற்கிறேன். இதுவரை நன்றாக ஆராயப்பட்டவை சில எல்லைகள்தான். அதுவரை என் பட்டியலில் ஹிமேரா எராட்டோவுக்குக் கீழேதான்.