கருப்பட்டிக் காபியா, இனிப்பு மாத்திரையா?

கேள்வி: பாளையங்கோட்டைப் பெண்
அம்மாவுக்கு 68 வயது, எடை 60 கிலோ. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். சீனியை நிறுத்தச் சொன்னதும் கருப்பட்டிக் காபிக்கு மாறிவிட்டார், நாளைக்கு மூன்று டம்ளர். நான் சீனிக்குப் பதிலாகப் போடும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தால், "புற்றுநோயைக் காசு கொடுத்து வாங்குகிறாயா?" என்று பெரியப்பா சத்தம் போடுகிறார். நானும் எடை குறைய டயட் கோலாதான் குடிக்கிறேன். எது சரி?

பதில்: இயற்கை விரும்பி
கருப்பட்டி இயற்கையானது, இரும்புச்சத்து நிறைந்தது. தைரியமாகக் கொடுங்கள்.

பதில்: உடன்குடி வியாபாரி
தம்பி சொன்னதையே நானும் சொன்னால் என் கல்லா நிறையும்; கருப்பட்டி விற்றுத்தான் பிழைக்கிறேன். ஆனால் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பனையேறி இறக்கும் பதநீரில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். சீனியும் அதுதான். பதநீரைக் காய்ச்சி வற்றவைத்துச் சிரட்டையில் ஊற்றுவதால் அது வேறு பொருளாகிவிடாது. இரும்பு கொஞ்சம் உண்டு. அதற்கு முருங்கைக்கீரை போதும். எங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீடும் மருந்துச் சீட்டு அல்ல. சந்தையில் சீனிப்பாகு கலந்த சரக்கு வேறு தாராளமாகப் புழங்குகிறது.

இன்னொரு வில்லங்கம் அளவு. சீனி என்றால் கரண்டிக் கணக்கு இருக்கிறது. கருப்பட்டியை அம்மிக்குழவியால் தட்டிக் கைக்கு வந்த துண்டைப் போடுகிறோம். என் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் அப்படி ஒரு துண்டு 15 கிராம் சாதாரணமாக வரும். மூன்று டம்ளருக்கு 45. நோயில்லாதவருக்கே, 2000 கலோரி உணவில் இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பெரியப்பா காற்றில் பேசவில்லை. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேமைப் புற்றுநோய் உண்டாக்கும் 'சாத்தியம்' உள்ள 2பி பிரிவில் சேர்த்தது. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது! அதே மாதம் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை மாற்றவேண்டியதில்லை என்றது. அம்மாவுக்கு அது 2400. ஒரு மாத்திரையில் பொதுவாக 20 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். டம்ளருக்கு இரண்டு போட்டாலும் எங்கே இருக்கிறது வரம்பு, பாருங்கள்.

சகோதரி, உங்கள் டயட் கோலா கதை வேறு. எடை குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சொன்னது. தண்ணீரோ மோரோ குடியுங்கள்.

பாளையங்கோட்டைப் பெண்
நன்றி அண்ணாச்சி. 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்ட பிஸ்கட் கொடுக்கலாமா? பாயசத்தில் அந்த மாத்திரை போடலாமா?

உடன்குடி வியாபாரி
பிஸ்கட் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். முதலில் மைதா என்று இருந்தால் அதுவும் உடம்பில் குளுக்கோஸாகத்தான் மாறும். மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால், நிறையத் தின்றால் வயிற்றைக் கலக்கும். பாயசம் கொதிக்கும்போது அஸ்பார்டேம் சிதைந்து இனிப்பு போய்விடும். இறக்கி ஆறிய பிறகு போடுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து வியர்த்து நடுங்கினால் அந்த மாத்திரையால் பயனில்லை. அப்போது குளுக்கோஸோ சீனியோ உடனே கொடுக்கவேண்டும். பெரியப்பாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.