பிக்யூஆர் கூப்பனுக்கு 1 மணி நேர எஸ்.ஆர். போதுமா? (40 மி.மீ. ஷெல்)

கேள்வி:
வணக்கம். எஸ்ஏ 516 கிரேடு 70 (பிரஷர் வெசலுக்கான கார்பன் ஸ்டீல் பிளேட்), 40 மி.மீ. ஷெல். மைனஸ் 29 டிகிரியில் சார்பி டெஸ்ட் (குளிரில் அடித்து உடைத்துப் பார்க்கும் சோதனை) கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் இருக்கும் பிக்யூஆர் (வெல்டிங் முறையின் தகுதிச் சோதனைப் பதிவு) 25 மி.மீ. கூப்பனில் (சோதனைக்காக வெல்ட் செய்த துண்டு) செய்தது. 610 டிகிரியில் 1 மணி நேரம் எஸ்.ஆர். (ஸ்ட்ரெஸ் ரிலீவிங், வெல்டின் உள் இறுக்கத்தைப் போக்கச் சூடாக்குவது), சார்பியும் பாஸ். தடிமன் வரம்பு 16 முதல் 50 வரை வருகிறது. ஆனால் தேர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்டர் டபிள்யூபிஎஸ்ஸில் (வெல்டிங் செய்முறைத் தாள்) கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "நேரம் பத்தாது" என்பதோடு சரி, வேறு விளக்கமில்லை. கூப்பனும் எஸ்.ஆர். ஆனதுதானே, அப்புறம் என்ன?

பாய்லர் ஷாப்:
ஆஸ்மி (அமெரிக்க பாய்லர் கோடு) செக்‌ஷன் 9, கியூடபிள்யூ 407.1 படி நீங்கள் சொல்வது சரி. கீழ் டிரான்ஸ்ஃபர்மேஷன் வெப்பநிலைக்கு (சூடாகும்போது ஸ்டீலின் உள்ளமைப்பு மாறத் தொடங்கும் சூடு) கீழே செய்ததெல்லாம் ஒரே வகை. எத்தனை மணி என்று அது கேட்பதில்லை.

ரிட்டயர்டு க்யூசி:
தம்பி, சார்பி இல்லாத வேலைக்குத்தான் 407.1 மட்டும் போதும். சார்பி வந்தால் 407.2-ம் கூடவே வரும். ஜாப் மொத்தமாக எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் இருக்குமோ, அதில் 80 சதவீதமாவது கூப்பனும் இருந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் சூட்டில் கிடந்தால் கார்பன் ஸ்டீலின் பலம் இறங்கும், டஃப்னஸும் (அடியைத் தாங்கும் திறன்) குறையலாம். 1 மணி நேரக் கூப்பனில் அது தெரியாது.

கணக்குப் போடுங்கள். 25 மி.மீ.க்கு 1 மணி என்றால் 40-க்கு 96 நிமிடம். அதில் 80 சதவீதமே 77 நிமிடம். உங்கள் 60 ஒரு சைக்கிளுக்கே பத்தவில்லை! முதல் எஸ்.ஆர். ஒன்று, ரிப்பேருக்கு ஒன்று, பிற்காலத்தில் சைட்டில் கஸ்டமர் செய்ய ஒன்று என்று மூன்று சைக்கிள் வைத்தால் 288 நிமிடம். அதில் 80 சதவீதம் என்றால் கூப்பனுக்குக் குறைந்தது 3 மணி 51 நிமிடம்.

கேட்டவர்:
மூன்று தடவை ஃபர்னஸில் ஏற்றி இறக்க வேண்டுமா சார்? பழைய கூப்பனில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது, அதையே போடலாமா?

ரிட்டயர்டு க்யூசி:
ஒரே சைக்கிளில் மொத்த நேரத்தையும் முடிக்கலாம், கோடே அனுமதிக்கிறது. நானாக இருந்தால் 5 மணி போடுவேன், ஜாப்பின் மொத்த நேரம் 6 மணி 15 நிமிடம் வரை தாங்கும். மிச்சத் துண்டை நம்பாதீர்கள். டென்சைல், பெண்ட், சார்பி எல்லாம் மறுபடி எடுக்க அது பத்தாது. புதிதாக வெல்ட் செய்துவிடுங்கள். தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) கூப்பன் மேலேயே இருக்கட்டும். ஃபர்னஸ் காற்றின் சார்ட்டைக் காட்டினால் அந்த இன்ஸ்பெக்டர் அதற்கும் மாட்டேன் என்பார்.

பாய்லர் ஷாப்:
பிளேட் எம்டிசியையும் (மில் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்) பாருங்கள். சிமுலேட்டட் எஸ்.ஆர். (பிளேட்டின் சோதனைத் துண்டை எஸ்.ஆர். போலவே சூடாக்குவது) நேரம் மூன்று சைக்கிளுக்குப் போதவில்லை என்றால் அடுத்த கேள்வி அதில்தான் வரும்.