மறுமொழி: டைவர்சிட்டி ஜூரிஸ்டிக்‌ஷன் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வழக்கின் இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவர் என்பது போன்ற காரணத்தால் ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்துக்குக் கிடைக்கும் விசாரணை அதிகாரம்தான் டைவர்சிட்டி ஜூரிஸ்டிக்‌ஷன். நம் துண்டறிக்கைக்காக அதற்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் கீழே.

> 'பன்மைத்துவ அதிகார வரம்பு' என்று போட்டுவிடுங்கள். நேர்ப்பொருள்தானே.

இல்லை ஐயா. இந்தத் துண்டறிக்கை நியூ ஜெர்சித் தமிழர்களுக்கு. அங்கே ஒருவருடைய காரில் பென்சில்வேனியா நிறுவனத்தின் லாரி மோதுகிறது. 90,000 டாலர் கேட்டு மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார். வாதி ஒரு மாநிலம், பிரதிவாதி வேறு மாநிலம், தொகையும் 75,000 டாலருக்கு மேல். அதனால் வழக்கு கைக்கு வந்த 30 நாளுக்குள் நிறுவனம் அதை ஃபெடரல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். நியூ ஜெர்சிக்காரரான லாரி டிரைவரையும் முறையாகப் பிரதிவாதியாகச் சேர்த்திருந்தால் முடியாது. வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது என்பது 1806-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஸ்ட்ராபிரிட்ஜ் வழக்கிலேயே சொல்லப்பட்டது. உள்ளூர் நீதிமன்றம் வெளியூர்க்காரரிடம் ஓரவஞ்சனை காட்டிவிடுமோ என்ற அச்சத்துக்குத்தான் இந்த ஏற்பாடு. 'பன்மைத்துவம்' என்றால் படிப்பவர் மத நல்லிணக்கத்தை நினைப்பார்.

> வேற்றுமை ஆள்வரை. 'ஆள்வரை' என்றால் அதிகார வரம்பு. 'வேற்றுமை' தொல்காப்பியர் ஆண்ட சொல். வேறு > வேற்று > வேற்றுமை. 'வேற்றுமுனை', 'வேற்றுப்புலம்' எல்லாம் இந்த வேரே.

வேர் சரிதான், அக்கா. ஆனால் "வேற்றுமை தாமே ஏழென மொழிப" என்று அவர் சொன்னது உருபுகளை. பள்ளியில் ஐ, ஆல், கு ஒப்பித்த எவருக்கும் அதுதான் முதலில் வரும்.

> 'வேற்றுமாநில அதிகார வரம்பு' என் மாணவர்களுக்கு உடனே புரிந்தது.

நேற்றிரவு வரை நானும் இதன் பக்கம்தான். பிறகு சட்டப்பிரிவை மறுபடி படித்தேன். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் நியூ ஜெர்சியில் இருக்கும் இந்தியர், அதே நியூ ஜெர்சியைச் சேர்ந்த அமெரிக்கர்மேல் வழக்குப் போட்டாலும் இந்த வகையில் வரும். கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி அங்கேயே நிலையாகத் தங்கிவிட்டால் வராது. நம் வாசகர்களில் பாதிப்பேர் இந்த இரண்டில் ஒன்று! ஆகவே 'குடியுரிமை வேறுபாட்டு அதிகார வரம்பு' என்கிறேன். 'வேற்றுக்குடி வரம்பு' சுருக்கமானது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் 'குடி' என்றால் சாதியைக் கேட்பதாக ஆகிவிடும்.

—

தம்பி, ஜூரிஸ்டிக்‌ஷனுக்கு யாழ்ப்பாணத்திலை நாங்கள் படிச்சது 'நியாயாதிக்கம்'. ஒரே சொல். வழக்காளி, எதிராளி எண்டுதான் எழுதுவம். உங்கடை வாதி, பிரதிவாதி எங்கடை சனத்துக்கும் விளங்கும், ஆனால் அந்த நீளச் சொல்லை ஆர் வாயாலை சொல்லுறது?

—

நியாயமும் வடசொல், அதிகாரமும் வடசொல். 'ஆள்வரை' இருக்க ஏன் இரவல்? குடியுரிமை வேறுபாட்டு ஆள்வரை என்றால் ஒப்புவேன்.

—

உங்களில் பெரும்பாலோர் 'அதிகார வரம்பு' என்கிறீர்கள். துண்டறிக்கையில் 'குடியுரிமை வேறுபாட்டு அதிகார வரம்பு' என்றே வைத்து அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் டைவர்சிட்டி என்பதையும் தமிழ் எழுத்தில் சேர்த்திருக்கிறேன், வக்கீல் சொல்லும்போது காதில் விழுவது அதுதான் என்பதால்.

—

அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். 'ஆள்வரை' பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.