மனுவில் இருக்கும் பெயரை யார் காப்பது?

கேள்வி: ஊருணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில், வெளிமுகமை வழியாகக் கணினி வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் ஊருணியைத் தூர்வாரியதற்கான செலவுப் பட்டியலைத் தட்டச்சு செய்தபோது, 1.20 மீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்ததாக அளவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதைக் கண்டேன். சிறுவயதில் நாங்கள் குடத்தோடு இறங்கிய படித்துறையின் கடைசி நான்கு படிகள் இன்றைக்கும் சேற்றுக்குள்தான் கிடக்கின்றன.

அலுவலக ரகசியம் என்பதே தவறு என்று நான் கருதவில்லை. ஒப்பந்தப்புள்ளி திறக்கும் முன் விலை வெளியே கசிவதும், முதியோர் ஓய்வூதியம் பெறுபவரின் வங்கிக் கணக்கு எண் ஊரில் உலாவுவதும் குற்றம்தான். ஆனால் வேலை முடிந்து பணமும் கொடுத்த பிறகு அந்த அளவை யாரிடமிருந்து மறைக்கிறோம்?

சென்ற ஆண்டு வேறொரு வேலை குறித்து ஓர் அம்மா திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தார். அந்த மனு ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற முத்திரையோடு, எந்த அலுவலகத்தின் மீது புகார் சொன்னாரோ அதே அலுவலகத்துக்கு, அவருடைய பெயரும் கைபேசி எண்ணும் அப்படியே இருக்க, வந்து சேர்ந்தது. அன்று மாலையே ஒப்பந்ததாரரின் ஆள் அவர் வீட்டு வாசலில் நின்றார். இதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஊருணி அளவைப் பற்றி நான் வெளியே சொன்னால் எனக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

பதில் 1: ஐந்தொகை, தேவகோட்டை

தம்பி, எங்கள் தகப்பனார் காலத்து வட்டிக்கடைகளில் கடன் வாங்கியவரின் கணக்கு அடுத்தவர் காதுக்குப் போகாது. போனால் கடையின் நாணயம் போய்விடும். அதே கடையில் முதல் போட்ட பங்காளி வந்து கேட்டால், வரவு செலவு, சொத்து, கடன் எல்லாம் அடங்கிய ஐந்தொகைக் கணக்கை விரித்து வைத்தாக வேண்டும். எங்கள் நகரத்தார் கோயிலிலும், குடும்பக் கணக்கில் புள்ளி வரி கொடுக்கிறவர் கணக்குக் கேட்கலாம். ஊருணி விஷயத்தில் ஊரார் பங்காளிகள், மூன்றாம் மனிதர்கள் அல்லர். எனவே நீங்கள் செய்ய நினைப்பதைத் துரோகம் என்று எண்ணி வருந்த வேண்டாம். சட்டப் பாதுகாப்பைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில் 2: வழக்கறிஞர், சிவகங்கை

நண்பருக்கு, முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்ட நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே, சாலைப் பணி முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் தம் பெயரை ரகசியமாக வைக்குமாறு கேட்டிருந்தார். அந்தக் கடிதமோ பெயரோடு பல மேசைகளைச் சுற்றி வந்தது. கொலை வழிப்பறிக்காக நடந்தது என்று சிபிஐ கூறியபோதும், பெயரைக் காக்கத் தவறியது அரசின் பிழை அல்லவா என்ற கேள்வி அடங்கவில்லை. அதன் பிறகு 2004இல் வந்த மத்திய அரசின் தீர்மானப்படி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் புகார் அனுப்பலாம். ஆனால் அது மத்திய அரசுத் துறைகளுக்கும் அதன் நிறுவனங்களுக்கும் மட்டுமே. உங்கள் அலுவலகத்துக்குப் பொருந்தாது. முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். புகார் செய்தவரின் பெயரை வெளியிடுபவருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தச் சட்டம் இன்னும் நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. பத்தாண்டுக்கு மேல் ஒரு சட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே, அளவுப் புத்தகத்தைக் கைபேசியில் படம் எடுக்காதீர்கள். எடுத்திருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும், சான்றிட்ட நகல் பெறவும், பொருள்களின் மாதிரி எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் அலுவலகத்தோடு தொடர்பில்லாத ஊர்க்காரர் ஒருவர் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கட்டும். அந்த ஓர் ஊருணியை மட்டும் கேட்டால் விரல் உங்களை நோக்கித் திரும்பும். இரண்டு ஆண்டுகளில் நடந்த எல்லா நீர்நிலைப் பணிகளின் அளவுப் பதிவையும் கேட்க வேண்டும். விண்ணப்பதாரர் வீட்டு முகவரிக்குப் பதிலாக அஞ்சல் பெட்டி எண் கொடுக்கலாம் என்று 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியதை, மத்திய அரசு அடுத்த ஆண்டே சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறது.

அலுவல் ரகசியச் சட்டத்தைக் காட்டி மிரட்டினால் அஞ்ச வேண்டாம். அது 1923இல் வெள்ளையர் காலத்தில் வந்தது. பொதுநலன் மேலோங்கும் இடத்தில் அந்தச் சட்டம் இருந்தாலும் தகவல் தரலாம் என்று 2005 சட்டத்தின் 8(2) பிரிவு சொல்கிறது. 2019இல் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில் வெளியே கசிந்த ஆவணங்களைப் பார்க்கக் கூடாது என்று அரசு எழுப்பிய மறுப்பை உச்ச நீதிமன்றம் தள்ளியபோதும் இந்தப் பிரிவு பேசப்பட்டது. நாட்டின் பாதுகாப்புக்கு உண்மையாகவே ரகசியம் வேண்டும். ஊருணி மண்ணின் கன அளவு அந்த வகையில் வராது.

பதில் 3: கோட்டைவாசல், திருமயம்

சட்டம் சொன்ன வழக்கறிஞர் அம்மாவுக்கு நன்றி. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 ஜனவரி 17 அன்று எங்கள் பகுதியில், கல் குவாரி முறைகேடுகளுக்கு எதிராக மனு மேல் மனுவாகக் கொடுத்து வந்த ஒருவர் லாரி மோதிக் கொல்லப்பட்டார். குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. கைது நடந்தது சரி, உயிர் போன பிறகுதானே? மனுவைப் பிரித்து, பெயர் உள்ள பக்கத்தை மேல் அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டு, பொருள் உள்ள பக்கத்தை மட்டும் கீழ் அலுவலகத்துக்கு அனுப்ப அதிகாரிகள் ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தால் போதும். அதற்குப் பணச் செலவும் இல்லை. தம்பி, தனியாக இறங்காதீர்கள். ஊரில் ஐந்தாறு பேர் ஒரே நாளில் தனித்தனியாக விண்ணப்பிக்கட்டும்.

ஊருணிக்கரை

மூவருக்கும் நன்றி. என் பெரியப்பா மகன் உட்பட நான்கு பேர் விண்ணப்பிக்க இசைந்திருக்கிறார்கள். நான் எந்தக் கோப்பையும் தொடவில்லை. படித்துறையை மட்டும் படம் எடுக்கலாமா?

வழக்கறிஞர், சிவகங்கை

தாராளமாக எடுக்கலாம், அது பொது இடம். ஆனால் நீங்கள் எடுக்க வேண்டாம், விண்ணப்பிப்பவர்களே எடுக்கட்டும். ஒரு முழக்கோலைப் படியில் சாய்த்து வைத்து, தேதி தெரிய எடுக்கச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் முடியட்டும். தகவல் வர 30 நாள் ஆகும். அதற்குள் ஐப்பசி மழை பிடித்து ஊருணி நிறைந்துவிட்டால், அந்த நான்கு படிகளை அடுத்த கோடை வரை யாருக்கும் காட்ட முடியாது.