டெக் பலகை ஆடுதுன்னு கேட்ட அண்ணனுக்கு, மத்தவுகளும் பாருங்க

அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் சார்லட் ஊர்ல இருக்க அண்ணன் கேட்டிருந்தாக, டெக்ல (வீட்டை ஒட்டி மரத்துல கட்டுன திறந்த மேடை) பலகை ஆடுது, ஸ்க்ரூவை முறுக்குனா சும்மா சுத்துது, பலகை மொத்தத்தையும் மாத்தணுமான்னு. எங்க வீட்லயும் போன மாசம் இதே கதைதான், அதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

படிக்கட்டுப் பக்கம் ஒரு பலகை தூக்கிக்கிட்டு நின்னுச்சு. ஸ்க்ரூவைக் கழட்டலாம்னு ட்ரில் வச்சா தலை மட்டும் தனியா வந்துருச்சு. பலகையை நெம்பிப் பார்த்தா, பலகையும் அதைக் கீழ தாங்குற ஜாய்ஸ்ட்டுங்கிற குறுக்கு மரமும் சேர்ற இடத்துல மட்டும் ஸ்க்ரூ பென்சில் சீவுன மாதிரி மெலிஞ்சு போயி, சுத்தி மரம் கருத்துப்போயி கெடக்கு, நகத்தால சுரண்டுனா துரு பொடிப்பொடியா கொட்டுது. ஆனா மரம் கல்லு மாதிரி இருக்கு! அதனால அண்ணே, பலகைக்கு காசு செலவழிக்காதீக, முதல்ல நாலு எடத்துல ஸ்க்ரூவைக் கழட்டிப் பாருங்க.

இதுக்குக் காரணம் மரத்துல ஏத்துற மருந்துதான். நம்ம ஊரு வீட்டு வளவுல (உள் முற்றத்துல) நிக்கிற பர்மா தேக்குத் தூணுக்கு மருந்தே வேணாம், அதுல எண்ணெய் ஊறியிருக்கு, தூணும் கல்லு மேல நிக்கிது, அடிமரம் மண்ணைத் தொடாது. இங்க அமெரிக்காவுல டெக்குக்குப் போடுறது பைன் மரம், அப்படியே விட்டா சில வருஷத்துல கரையானும் பூஞ்சையும் தின்னுரும், அதனாலதான் அழுத்தம் குடுத்து மருந்தை உள்ள ஏத்துறாக. முன்னாடி அந்த மருந்துல செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூணும் இருந்துச்சு, 2003 கடைசியோட வீட்டு மரத்துக்கு அதை நிறுத்திட்டாக. அப்புறம் வந்த ஏசிக்யூ, காப்பர் அசோல்ங்கிற மருந்து ரெண்டுலயும் செம்பு கூடுதல், ஈரம் பட்டா பக்கத்துல இருக்க இரும்பை அரிச்சுரும். பளபளன்னு மெல்லிசா ஜிங்க் முலாம் போட்ட ஸ்க்ரூ இதுக்குத் தாங்காது, எங்க டெக்ல இருந்தது அதுதான்.

வாங்குனா ஹாட் டிப் கால்வனைஸ்டு (உருக்குன ஜிங்க்ல முக்கி எடுத்தது), இல்ல ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், இல்ல பெட்டி மேல ட்ரீட்டட் (மருந்து ஏத்துன) மரத்துக்குன்னே போட்டிருக்க கோட்டிங் ஸ்க்ரூ. கடலோரமா இருக்கவுக யோசிக்காம ஸ்டெய்ன்லெஸ் போடுங்க. ஒடஞ்ச துண்டைத் தோண்டி எடுக்க வேணாம், ஒரு இஞ்ச் தள்ளிப் புதுசா போடுங்க, பலகை ஓரத்துல முதல்ல துளை போட்டுக்கங்க, இல்லாட்டி பொளந்துரும். தலையை மரத்துக்குள்ள ஆழமா எறக்காதீக, குழியில தண்ணி நிக்கும். கடையில வாங்குன புதுப் பலகை ஈரமாத்தான் இருக்கும், ஒட்டி அடிச்சாலும் காய்ஞ்சதும் தானா சந்து விழுந்துரும்.

இதைவிட முக்கியம் டெக்கை வீட்டுச் சுவரோட பிடிச்சிருக்க லெட்ஜர் பலகை. டார்ச் எடுத்துக்கிட்டு அடியில போயி பாருங்க, அதுல போல்ட்டோ பெரிய லேக் ஸ்க்ரூவோ இருக்கணும், வெறும் ஆணி மட்டும் இருந்துச்சுன்னா ஆளை வரச்சொல்லிச் சரி பண்ணாம யாரையும் மேல ஏத்தாதீக. டெக் இடிஞ்சு விழுகுறதுல நிறைய அங்கதான் பிச்சுக்கிட்டு வருது. ஜாய்ஸ்ட்டைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புத் தகடு, அதான் ஜாய்ஸ்ட் ஹேங்கர், அதுல துரு செதில் செதிலா உரிஞ்சா அதையும் மாத்தணும், ஹேங்கர் கால்வனைஸ்டுன்னா ஆணியும் அதேதான், அதுல ஸ்டெய்ன்லெஸ்ஸைக் கலக்கக்கூடாது. சுவர் ஓரமா தண்ணி உள்ள போகாம அலுமினியத் தகடு அடிச்சிருந்தா அதையும் பாருங்க, மரம் நேரா பட்டா செம்பு அலுமினியத்தையும் ஓட்டை போட்டுரும்.

டெக்குக்குப் பொதுவா சதுர அடிக்கு 40 பவுண்டு எடை தாங்கணும்னுதான் கணக்குப் போடுறாக. கோடையில விருந்துன்னு நாப்பது அம்பது பேர் வந்து எல்லாரும் ஒரு மூலையில கூடி நின்னு போட்டோ எடுக்குறமே, அதை நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு.

இன்னொண்ணு, போன பொங்கலுக்கு ஒரு வீட்ல கழட்டுன டெக் பலகையை அடுப்புக்கு விறகா வச்சிருந்ததை என் கண்ணால பார்த்தேன். ஆச்சி, வேணவே வேணாம். 2004-க்கு முந்துன மரம்னா புகையிலயும் சாம்பல்லயும் ஆர்சனிக் இருக்கும், புதுசுன்னாலும் எரிக்கக் கூடாது. குப்பை எடுக்குற டவுன் ஆபீஸ்ல கேட்டா எங்க போடணும்னு சொல்லுவாக.

அண்ணே, லெட்ஜரையும் ஹேங்கரையும் போட்டோ எடுத்துப் போடுங்க, பார்த்துட்டு சொல்றேன்.

எடிசன்லேருந்து உங்க தம்பி